வாசகர் கேள்விகள்: பிங்க் ஃபிளாய்டின் முதல் ஐந்தாண்டுகள்

மேற்கத்திய ராக் இசை குறித்து இப்பகுதிக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பிங்க் ஃபிளாய்ட் குழுவைப் பற்றியே இருந்தன. 1973-இல் வெளிவந்த ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’ தொகுப்பும் அதற்குப் பிந்தைய பெரும்புகழும் பலர் அறிந்தவை. ஆகவே, அதற்கு முந்தைய, 1963 முதல் 1968 வரையிலான காலத்தைத் தொடும் கேள்விகளை மட்டும் இம்முறை எடுத்துக்கொள்கிறோம்.

கட்டடக்கலை படிக்கப் போனவர்கள் ராக் குழு தொடங்கியது எப்படி? முதலிலிருந்தே அவர்களிடம் ஏதேனும் திட்டம் இருந்ததா?
– கோயம்புத்தூர் வாசகர்

திட்டம் இருந்ததற்கான அறிகுறி எதுவும் இல்லை. லண்டன் ரீஜென்ட் ஸ்ட்ரீட் பாலிடெக்னிக்கில் கட்டடக்கலை படித்துக்கொண்டிருந்த ரோஜர் வாட்டர்ஸ், நிக் மேசன், ரிச்சர்ட் ரைட் ஆகிய மூவரும், சக மாணவர்களான கிளைவ் மெட்காஃப், கீத் நோபல் இருவரும் தொடங்கிய ‘சிக்மா 6’ என்ற குழுவில் 1963-இல் ஒன்றுசேர்ந்தார்கள். நோபலின் சகோதரி பாடினார். பின்னாளில் ரைட்டை மணந்துகொண்ட ஜூலியட் கேலும் அவ்வப்போது வந்து பாடினார். தனியார் விருந்துகளில் வாசிப்பதும், பாலிடெக்னிக்கின் அடித்தளத்தில் இருந்த தேநீர்க் கூடத்தில் ஒத்திகை பார்ப்பதுமே அப்போதைய இசைப்பணி. வாட்டர்ஸ் முதலில் கிதார்தான் வாசித்தார். தம்மைவிட நன்றாக வாசிப்பவர்கள் குழுவுக்குள் வர வர, ஒவ்வொரு படியாக இறங்கி பேஸ் கிதாருக்கு வந்து சேர்ந்தார்.

இந்தக் கதையில் பலரும் போதிய கவனம் தராத ஒருவர் உண்டு. அவர் வீட்டுச் சொந்தக்காரர். பாலிடெக்னிக்கில் பகுதிநேர ஆசிரியராக இருந்த மைக் லெனார்ட், ஹைகேட் பகுதியில் ஸ்டான்ஹோப் கார்டன்ஸ் 39-ஆம் எண் வீட்டை வாங்கி, அதன் ஒரு பகுதியை மாணவர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். வாட்டர்ஸும் மேசனும் 1963 செப்டம்பரில் அங்கே குடியேறினார்கள். ஹார்ன்சி கலைக் கல்லூரியிலும் பணியாற்றிய லெனார்ட், துளையிட்ட தட்டுகளையும் கண்ணாடித் துண்டுகளையும் சுழலவிட்டு, அவற்றின் ஊடாக ஒளியைப் பாய்ச்சிச் சுவரில் அசையும் வடிவங்களை உண்டாக்கும் கருவிகளைத் தாமே செய்துகொண்டிருந்தார். வீட்டின் முன்னறையை ஒத்திகைக்கு விட்டுக்கொடுத்ததோடு, சில காலம் ஆர்கனும் வாசித்தார். அந்நாட்களில் குழு ‘லெனார்ட்ஸ் லாட்ஜர்ஸ்’ என்றே அழைக்கப்பட்டது. இசையும் ஒளியும் ஒரே அறையில் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு வளரலாம் என்பதை இவர்கள் முதன்முதலில் கண்டது எந்தக் கேளிக்கை விடுதியிலும் அல்ல. வாடகை கொடுத்துத் தங்கியிருந்த இந்த வீட்டில்தான்.

‘பிங்க் ஃபிளாய்ட்’ என்பது யாருடைய பெயர்?
– திருநெல்வேலி வாசகர்

ஒருவருடைய பெயர் அல்ல, இருவருடையது. பிங்க் ஆண்டர்சன், ஃபிளாய்ட் கவுன்சில் ஆகிய இருவரும் அமெரிக்காவின் கரோலினா மாநிலங்களைச் சேர்ந்த கறுப்பின ப்ளூஸ் கலைஞர்கள். ஓர் இசைத்தட்டின் உறையில் அச்சாகியிருந்த குறிப்பில் அவ்விரு பெயர்களையும் குழுவின் கிதார் கலைஞர் சிட் பாரெட் பார்த்திருந்தார். 1965-இல் ‘டீ செட்’ என்ற பெயரில் இவர்கள் வாசிக்கச் சென்ற இடத்தில் அதே பெயரோடு இன்னொரு குழுவும் வந்து நிற்க, அந்த நெருக்கடியில் பாரெட் இரண்டு முதற்பெயர்களையும் சேர்த்துச் சொன்னார். முதலில் ‘தி பிங்க் ஃபிளாய்ட் சவுண்ட்’ என்று இருந்தது. மேலாளர்கள் வந்தபின் கடைசிச் சொல் உதிர்ந்தது. அதற்கு முன் சிக்மா 6, மெகாடெத்ஸ், ஆப்டாப்ஸ், ஸ்பெக்ட்ரம் ஃபைவ் என்று எத்தனையோ பெயர்கள் வந்து போயின.

சிட் பாரெட் எப்போது வந்தார்? அவர் வருவதற்கு முன்பு குழுவின் இசை எப்படி இருந்தது?
– சென்னை வாசகர்

பாரெட்டின் இயற்பெயர் ரோஜர் கீத் பாரெட். 1946 ஜனவரி 6-ஆம் நாள் கேம்பிரிட்ஜில் பிறந்தவர். நோய்க்கூறு மருத்துவரான தந்தை 1961 டிசம்பரில் இறந்தபோது பாரெட்டுக்குப் பதினாறு வயது நிறையவில்லை. வாட்டர்ஸ் படித்த அதே உயர்நிலைப் பள்ளியில்தான் அவரும் படித்தார். 1964-இல் கேம்பர்வெல் கலைக் கல்லூரியில் ஓவியம் பயில லண்டனுக்கு வந்தவர், ஊர்க்காரர் என்ற உறவில் வாட்டர்ஸோடு சேர்ந்தார். கேம்பிரிட்ஜைச் சேர்ந்த பாப் குளோஸ் என்ற கிதார் கலைஞரும் அதே ஆண்டில் குழுவுக்குள் வந்தார்.

அப்போதைய இசை அமெரிக்க ‘ரிதம் அண்ட் ப்ளூஸ்’ பாடல்களின் மறுவாசிப்பு. 1964-ஆம் ஆண்டின் கடைசியில், ரைட்டின் நண்பர் ஒருவர் மூலம் வெஸ்ட் ஹாம்ஸ்டெட்டில் ஓர் ஒலிப்பதிவுக் கூடம் கிடைத்தது. அக்காலத்துப் பதிவுகள் 2015-இல் முறையாக வெளியிடப்பட்டிருக்கின்றன. அவற்றைக் கேட்டால், லண்டனில் அன்று இருந்த எண்ணற்ற இளைஞர் குழுக்களிலிருந்து இவர்களைப் பிரித்துக் காட்ட அதிகம் இல்லை என்று தோன்றும். குளோஸ் தேர்ந்த கைகொண்டவர்; ஜாஸ், ப்ளூஸ் பாணிகளில் பயிற்சி உள்ளவர். படிப்பில் கவனம் செலுத்தவேண்டும் என்ற நெருக்கடியால் 1965-ஆம் ஆண்டின் நடுவில் அவர் விலகினார். முதன்மைக் கிதார் பாரெட்டின் கைக்கு வந்தது. குழுவின் மிகச் சிறந்த வாத்தியக்காரர் வெளியேறிய பிறகே குழுவுக்கென்று ஓர் ஒலி பிறந்தது என்பது வேடிக்கையாகத் தோன்றினாலும் உண்மை. முறையான ப்ளூஸ் வாசிப்பில் மற்றவர்களோடு போட்டியிட வழியில்லாத நால்வரும் வேறு வழி தேடவேண்டியிருந்தது.

பாரெட் தேடிய வழி ஓவியருடையது. சிறு வட்டக் கண்ணாடிகள் ஒட்டிய தமது ஃபெண்டர் எஸ்கொயர் கிதாரின் கம்பிகள் மீது சிகரெட் லைட்டரைச் சறுக்கவிட்டு, அந்த ஓசையை இத்தாலியத் தயாரிப்பான ‘பின்சன் எக்கோரெக்’ என்ற எதிரொலிப் பெட்டி வழியாகச் செலுத்துவார். பெட்டிக்குள் சுழலும் காந்தத் தட்டு ஒரு சுரத்தைப் பலமுறை திருப்பித் தர, ஒரே கிதார் பல கிதார்களாகக் கேட்கும். ரைட்டின் ஃபார்ஃபீசா ஆர்கனும் இத்தகைய எதிரொலியோடு சேர்ந்துகொண்டது. எது கிதார், எது ஆர்கன் என்று பிரித்தறிய முடியாத அந்த மயக்கமே குழுவின் முதல் அடையாளம்.

பாட்டே இல்லாமல் பத்து நிமிடம், இருபது நிமிடம் வாசித்துக்கொண்டே போகிறார்களே, இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது? பொறுமையைச் சோதிப்பதற்காகவா?
– சேலம் வாசகர்

தங்கள் எரிச்சல் புரிகிறது; அன்று கேட்டவர்களிலும் பலர் இதையே கேட்டார்கள். தொடக்கக் காரணம் மிகச் சாதாரணமானது. கென்சிங்டனில் ‘கவுண்ட்டவுன்’ என்ற விடுதியில் இவர்கள் நிலையான குழுவாக அமர்த்தப்பட்டபோது, ஓர் இரவில் ஒன்றரை மணி நேரம் வீதம் மூன்று முறை வாசிக்கவேண்டியிருந்தது. கைவசம் இருந்த பாடல்கள் அத்தனை மணி நேரத்துக்குப் போதாது. அதே பாடலை மீண்டும் பாடுவதைவிட, இருக்கும் பாடலின் நடுவில் தனி வாசிப்பை நீட்டிக்கொண்டு போகலாம் என்று கண்டுகொண்டதை மேசன் பின்னாளில் குறிப்பிட்டிருக்கிறார்.

வயிற்றுப்பாட்டுக்காகத் தொடங்கிய இந்த வழக்கத்துக்கு 1966-இல் ஒரு கலைக் காரணமும் வாய்த்தது. ‘ஏ.எம்.எம்.’ என்ற லண்டன் குழு, தாளம், சுருதி, ராகம் போன்ற எந்தக் கட்டுப்பாடும் இல்லாத தன்னிச்சை இசையை முயன்றுகொண்டிருந்தது. அதன் கிதார் கலைஞர் கீத் ரோ, கிதாரை மேசைமேல் கிடத்தி அன்றாடப் பொருள்களால் அதன் கம்பிகளை உரசுவார். அவருடைய முறையைப் பாரெட் கூர்ந்து கவனித்திருக்கிறார்.

இவ்விரண்டும் கூடிய இடம் ‘இன்டர்ஸ்டெல்லார் ஓவர்டிரைவ்’. அமெரிக்கக் குழுவான ‘லவ்’ பாடிய ஒரு பாட்டின் மெட்டை மேலாளர் பீட்டர் ஜென்னர் சுருதி தவறி முணுமுணுக்க, காதில் விழுந்ததைப் பாரெட் கிதாரில் வாசித்துப் பார்க்க, இறங்கிச் செல்லும் அந்தப் புகழ்பெற்ற சுர வரிசை பிறந்தது. வரிசையை ஒன்றாக வாசித்துவிட்டு நால்வரும் தத்தம் வழியே பிரிந்து போவார்கள். எப்போது திரும்பச் சேர்வார்கள் என்பது அந்தந்த இரவைப் பொறுத்தது. இசைத்தட்டில் இது ஏறத்தாழ பத்து நிமிடம். அதிலும் தயாரிப்பாளர் நார்மன் ஸ்மித் ஒரு வாசிப்பின் மேல் இன்னொரு வாசிப்பை ஏற்றிக் கலந்திருக்கிறார். இது அவர்களின் மிகச் சிறந்த படைப்பு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் இவர்களை விளங்கிக்கொள்ள ஒன்றை மட்டும் கேட்பதானால் இதைத்தான் கேட்கவேண்டும்.

ஒரு பொருளாதார விரிவுரையாளர் இவர்களுக்கு மேலாளராக இருந்தார் என்று படித்தேன். நம்பும்படியாக இல்லையே?
– தஞ்சாவூர் வாசகர்

நம்பலாம். லண்டன் பொருளாதாரக் கல்லூரியில் விரிவுரையாளராக இருந்த பீட்டர் ஜென்னர், 1966-ஆம் ஆண்டுக் கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தேர்வுத்தாள்களைத் திருத்திச் சலித்து, மார்க்கீ கிளப்பில் நடந்த கூட்டத்துக்குப் போனார். அங்கே இவர்கள் வாசித்த, நன்கு அறிந்த ப்ளூஸ் பாடல்களின் நடுவே, எந்த வாத்தியத்திலிருந்து வருகிறதென்று பிடிபடாத ஓர் ஓசை அவரை இழுத்தது. மேடையைச் சுற்றி நடந்து பார்த்து உறுதிசெய்துகொள்ள முயன்றாராம். பின்பு இவர்களைத் தேடிப் பிடித்துப் பேசியபோது, கோடை விடுமுறைக்குக் கலைந்து போகிறோம், இலையுதிர் காலத்தில் வாருங்கள் என்ற பதில் கிடைத்தது. உலகப் புகழ் பெறப்போகும் குழுவின் பேச்சாக அது இல்லை. படிப்பா இசையா என்று அதுவரை முடிவெடுக்காத மாணவர்களின் பேச்சு அது.

ஜென்னரும் அவருடைய நண்பர் ஆண்ட்ரூ கிங்கும் சேர்ந்து ‘பிளாக்ஹில் என்டர்பிரைசஸ்’ என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். கிங்குக்கு வந்திருந்த பரம்பரைச் சொத்துப் பணம் ஒலிபெருக்கிகளாகவும் வாத்தியங்களாகவும் மாறியது. இசைக்கலைஞர் நால்வரும் மேலாளர் இருவரும் ஆறு சம பங்காளிகள். இசை வணிகத்தில் அன்று இப்படிப்பட்ட ஏற்பாடு அரிது.

யூ.எஃப்.ஓ. கிளப் என்று அடிக்கடி சொல்கிறார்களே, அங்கே அப்படி என்ன நடந்தது? ஒளிக்காட்சிகளை யார் செய்தார்கள்?
– புதுச்சேரி வாசகர்

யூ.எஃப்.ஓ.வுக்கு முன் ஒரு தேவாலய மண்டபம் இருக்கிறது. நாட்டிங் ஹில் பகுதியில் ‘லண்டன் ஃப்ரீ ஸ்கூல்’ என்ற சமூகக் கல்வி முயற்சிக்குப் பணம் திரட்ட, ஆல் செயின்ட்ஸ் தேவாலய மண்டபத்தில் 1966 இலையுதிர் காலத்தில் இவர்கள் வாரந்தோறும் வாசித்தார்கள். அமெரிக்காவிலிருந்து வந்திருந்த பிரவுன் தம்பதியர் தங்களிடமிருந்த ஸ்லைடு படக்கருவியால் வாசிப்பவர்கள் மேல் வண்ண உருவங்களை வீழ்த்தினார்கள். அவர்கள் ஊர் திரும்பியதும், ஜென்னரும் கிங்கும் மரப்பலகையில் வீட்டு உபயோக விளக்குகளைப் பொருத்தி, அவற்றின் முன் வண்ணப் பிளாஸ்டிக் தகடுகளைக் குண்டூசியால் குத்தி, சாதாரண மின்விசைகளைத் தட்டித் தட்டி ஒளியைத் தாளத்துக்கு இயக்கினார்கள். இவ்வளவுதான் தொடக்ககாலத் தொழில்நுட்பம். விளக்குகள் மேடையின் கீழிருந்து எரிந்ததால் வாசிப்பவர்களின் நிழல்கள் பின்சுவரில் பேருருவாக எழுந்தன. முகங்கள் மட்டும் தெரியாது.

பின்னர் வந்த பீட்டர் வின்-வில்சன் இதை ஒரு கலையாக்கினார். இரு கண்ணாடிச் சில்லுகளுக்கு இடையே வண்ண மைகளை ஊற்றிச் சூடேற்ற, அவை கொதித்துப் பிரிந்து ஊர்ந்து செல்லும் கோலம் திரையில் விழும். இழுத்துப் பிடித்த மெல்லிய ரப்பர் வழியே ஒளியைச் செலுத்தும் முறையும் அவருடையது. குழுவினரின் முகத்தைவிட இந்தக் கோலங்களே மக்கள் நினைவில் நின்றன. தாங்கள் முன்னால் வந்து நிற்கவேண்டியதில்லை என்ற பிற்காலப் பிங்க் ஃபிளாய்டின் மனப்போக்குக்கு வேர் இங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

1966 அக்டோபர் 15-ஆம் நாள் ‘இன்டர்நேஷனல் டைம்ஸ்’ என்ற மாற்றுப் பத்திரிகையின் தொடக்க விழா, ரயில் இன்ஜின்களுக்காக 19-ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட ‘ரவுண்ட்ஹவுஸ்’ கொட்டகையில் நடந்தது. சுமார் 2,000 பேர் கூடினார்கள். ‘சாஃப்ட் மெஷின்’ குழுவும் இவர்களும் வாசித்தனர். வாயிலில் ஒவ்வொருவருக்கும் ஒரு சர்க்கரைக் கட்டி தரப்பட்டது, எல்.எஸ்.டி. என்ற போதைப்பொருள் கலந்தது என்று நம்பிச் சாப்பிட்டவர்கள் உண்டு, ஆனால் அது வெறும் சர்க்கரைதான்.

யூ.எஃப்.ஓ. அதே ஆண்டு டிசம்பர் 23-ஆம் நாள் தொடங்கியது. டாட்டன்ஹாம் கோர்ட் சாலையில் ஐரிஷ் மக்களுக்கான நடனக்கூடம் ஒன்றை, வெள்ளிக்கிழமை இரவுகளுக்கு மட்டும் ஜோ பாய்டும் ஜான் ஹாப்கின்ஸும் வாடகைக்கு எடுத்தார்கள். விடிய விடிய நடக்கும். திரைப்படம், நாடகம், கவிதை எல்லாம் உண்டு. கூடியிருந்தவர்கள் எதையும் அவசரமாக எதிர்பார்க்காதவர்கள். அரை மணி நேரம் ஒரே வாசிப்பு நீண்டாலும் தரையில் படுத்துக் கேட்பவர்கள். இவர்களுக்கு அமைந்த மிகச் சரியான சபை அது. ஆயினும் அந்த இடம் ஓராண்டு கூட நிலைக்கவில்லை.

வெளிப்படையாகவே கேட்கிறேன்: இது போதைப்பொருள் இசைதானே?
– யாழ்ப்பாணம் வாசகர்

கேட்டவர்களில் பலர் எல்.எஸ்.டி. உட்கொண்டிருந்தார்கள். வாசித்தவர்களைப் பொறுத்தவரை அப்படிச் சொல்ல முடியாது. வாட்டர்ஸும் மேசனும் பீர் குடிக்கும் மாணவர்கள், எல்.எஸ்.டி.யில் மூழ்கியவர் பாரெட் ஒருவரே. 1967-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஞாயிறுதோறும் வரும் ஒரு செய்தித்தாள் இவர்களைப் போதையோடு இணைத்து எழுதியதும், இவர்களின் இசைத்தட்டு நிறுவனமான இ.எம்.ஐ. பதறிப்போய், சைக்கெடெலிக் பாப் (போதை மயக்க அனுபவத்தை ஒலியில் காட்டும் பாணி) என்றால் என்னவென்றே இவர்களுக்குத் தெரியாது என்னும் பொருள்பட அறிக்கை வெளியிட்டது. அந்த அறிக்கையை யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். ஆனால் எதிரொலிப் பெட்டி, நீண்ட இரவுகள், வீட்டுச் சொந்தக்காரரின் ஒளிக்கருவிகள் ஆகியவை இந்த இசையை உருவாக்கியதில் கொண்ட பங்கு, எந்த மாத்திரையின் பங்கையும்விடப் பெரிது.

முதல் பாடல் வானொலியில் தடைசெய்யப்பட்டதாமே? பீட்டில்ஸ் குழுவினரை இவர்கள் சந்தித்தார்களா?
– மதுரை வாசகர்

‘ஆர்னால்ட் லேன்’ 1967 மார்ச் 10-ஆம் நாள் வெளிவந்தது. கொடியில் உலரும் பெண்களின் உடைகளைத் திருடும் ஒரு மனிதனைப் பற்றிய பாட்டு. கேம்பிரிட்ஜில் பாரெட்டின் தாயாரும் வாட்டர்ஸின் தாயாரும் மாணவிகளுக்கு அறைகள் வாடகைக்கு விட்டிருந்தபோது, இப்படி ஒரு திருட்டு உண்மையாகவே நடந்ததை வாட்டர்ஸ் சொல்லியிருக்கிறார். ‘ரேடியோ லண்டன்’ என்ற தனியார் கடல்வழி வானொலி அதைத் தடைசெய்தது. ஆங்கிலப் பாப் பாடல்கள் எல்லாம் காதலைச் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், கொடிக்கயிற்றையும் சிறையையும் பற்றி விளையாட்டுத்தனமாகப் பாடியதைவிடச் சைக்கெடெலிக்கான செயல் வேறு என்ன இருக்க முடியும்? பாட்டு தரவரிசையில் 20-ஆம் இடம் வரை சென்றது.

அதைச் செல்சியில் ‘சவுண்ட் டெக்னிக்ஸ்’ கூடத்தில் பதிவுசெய்தவர் ஜோ பாய்ட். அந்தப் பதிவைக் காட்டித்தான் இ.எம்.ஐ.யோடு 5,000 பவுண்ட் முன்பணத்துக்கு ஒப்பந்தம் செய்தார்கள். ஆனால் இ.எம்.ஐ. தன் சொந்தத் தயாரிப்பாளரே பணியாற்றவேண்டும் என்றதால், வாய்ப்பை உண்டாக்கிக் கொடுத்த பாய்ட் வெளியே நின்றார். பீட்டில்ஸின் ஒலிப்பதிவுப் பொறியாளராக இருந்த நார்மன் ஸ்மித் பொறுப்பேற்றார். அடுத்த பாடலான ‘சீ எமிலி பிளே’க்கு முந்தைய ஒலி இ.எம்.ஐ.யின் அபே ரோடு ஒலிப்பதிவுக் கூடத்தில் அகப்படாமல் போகவே, ஸ்மித்தும் அதே செல்சி கூடத்துக்குத் திரும்பிப் போகவேண்டியதாயிற்று. அப்பாடல் 6-ஆம் இடம் பெற்றது.

அபே ரோடில் முதல் தொகுப்புக்கான பணி 1967 பிப்ரவரியில் தொடங்கியபோது, பக்கத்துக் கூடத்தில் பீட்டில்ஸ் ‘சார்ஜன்ட் பெப்பர்’ தொகுப்பைச் செய்துகொண்டிருந்தார்கள். மார்ச் 21-ஆம் நாள் இவர்களை உள்ளே அழைத்துச் சென்றார்கள். அப்போது ‘லவ்லி ரீட்டா’ பதிவாகிக்கொண்டிருந்தது. பெரிய உரையாடல் எதுவும் நிகழவில்லை. கூச்சத்தோடு நின்று பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். ‘தி பைப்பர் அட் தி கேட்ஸ் ஆஃப் டான்’ என்ற அந்த முதல் தொகுப்பு ஆகஸ்ட் தொடக்கத்தில் வந்து 6-ஆம் இடத்தை எட்டியது. தலைப்பு, கென்னத் கிரகாமின் ‘தி விண்ட் இன் தி வில்லோஸ்’ என்ற சிறுவர் நாவலின் ஏழாம் அத்தியாயத்தின் பெயர். பாடல்களில் மிகப் பெரும்பாலானவை பாரெட் எழுதியவை; பூதப்பொம்மை, பூனை, சைக்கிள் என்று ஒரு குழந்தையின் அறைக்குள் இருக்கும் பொருள்களே அவற்றின் உலகம்.

பாட்டு வெற்றி பெற்ற பிறகும் கச்சேரிகளில் இவர்கள் மீது நாணயங்களை எறிந்தார்கள் என்பது உண்மையா?
– ஈரோடு வாசகர்

உண்மை. குழுவின் தொடக்க ஆண்டுகளில் இருந்த முரண்பாடு முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது. வெளியூர் நடனக்கூடங்களுக்கு வந்தவர்கள் வானொலியில் கேட்ட மூன்று நிமிடப் பாட்டை எதிர்பார்த்து வந்தார்கள், ஆடிப்பாட வந்தார்கள். மேடையிலோ, முகம் தெரியாத நால்வர் தாளமே பிடிபடாத ஓசையை அரை மணி நேரம் எழுப்பிக்கொண்டிருந்தார்கள். வெற்றிப் பாடல்களை வாசிக்க மறுத்தார்கள். மாடத்திலிருந்து பீரை ஊற்றினார்கள், நாணயங்களை வீசினார்கள் என்று வாட்டர்ஸ் நினைவுகூர்ந்திருக்கிறார். கூட்டத்தை மட்டும் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு பாட்டைக் காட்டி அழைத்துவிட்டு வேறொன்றைத் தருவது நேர்மையான பேரம் ஆகாது.

இதற்கு அவர்களே ஒருமுறை நல்ல விடை கண்டார்கள். 1967 மே 12-ஆம் நாள் லண்டன் குயீன் எலிசபெத் ஹாலில், மேற்கத்திய செவ்வியல் இசைக்கென்று கட்டப்பட்ட, இருக்கையில் அமர்ந்து கேட்கும் அரங்கில், ‘கேம்ஸ் ஃபார் மே’ என்ற பெயரில் தனிக் கச்சேரி நடத்தினார்கள். அதற்காக இ.எம்.ஐ. பொறியாளர் பெர்னார்ட் ஸ்பைட், ‘அசிமத் கோஆர்டினேட்டர்’ என்ற கருவியைச் செய்து தந்தார். ரைட் ஒரு கைப்பிடியைச் சாய்க்கும் திசையில் ஒலி அரங்கைச் சுற்றி நகரும். சோப்புக் குமிழ்களும் பூவிதழ்களும் இருக்கைகளைக் கறைப்படுத்திவிட, அரங்க நிர்வாகம் இவர்களுக்குத் தடை விதித்தது. ஆனாலும் இந்த இசை ஆடுவதற்கானது அல்ல, அமர்ந்து கேட்பதற்கானது என்பது அன்று தெளிவாயிற்று. அந்தத் தெளிவைப் பின்பற்ற அவர்களுக்குத் தேவைப்பட்ட ஓய்வைப் பாப் சந்தை தரவில்லை.

உடல்நலம் குன்றிய நண்பரை வழியில் அழைத்துச் செல்லாமல் விட்டுவிட்டார்கள் என்பது மன்னிக்கக்கூடியதா?
– திருச்சி வாசகர்

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். 1967 கோடையில் பாரெட்டின் நிலை மாறியது. ‘டாப் ஆஃப் தி பாப்ஸ்’ தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு மூன்று முறை போகவேண்டியிருந்ததில், மூன்றாம் முறை அவர் தயங்கி முரண்டுபிடித்தார். ஆகஸ்டில் நரம்புச் சோர்வு என்று காரணம் காட்டி நிகழ்ச்சிகள் ரத்துசெய்யப்பட்டன. அமெரிக்கப் பயணத்தில் தொலைக்காட்சி நேர்காணலில் வெறித்த பார்வையே பதிலாக வந்ததை உடனிருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். பயணம் பாதியில் முடிந்தது. ஊர் திரும்பிய கையோடு, நவம்பர் 14 முதல் கிதார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸோடு பிரிட்டன் சுற்றுப்பயணம்: நாளுக்கு இரண்டு காட்சிகள், ஒவ்வொன்றிலும் இவர்களுக்குக் கால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான இடம். பாரெட் வராத இரவுகளில் ‘தி நைஸ்’ குழுவின் டேவி ஓலிஸ்ட் அவர் இடத்தில் நின்று வாசித்தார்.

பாரெட்டின் கேம்பிரிட்ஜ் நண்பர் டேவிட் கில்மோர் ஐந்தாவது ஆளாகச் சேர்க்கப்பட்டார். பாரெட் வீட்டிலிருந்து பாடல் எழுதித் தரட்டும், மற்றவர்கள் மேடையேறட்டும் என்பது யோசனை. ‘பீச் பாய்ஸ்’ குழுவில் பிரையன் வில்சன் அப்படித்தான் இருந்தார். 1968 ஜனவரியில் ஐவரும் சில கச்சேரிகள் வாசித்தார்கள். ஓர் ஒத்திகையில் பாரெட் புதுப்பாட்டு ஒன்றைக் கற்றுக்கொடுத்தார். ‘புரிந்துகொண்டீர்களா’ என்று பொருள்படும் வரியை அவர் பாட, மற்றவர்கள் ‘இல்லை’ என்று பதில் பாடவேண்டும்; ஒவ்வொரு முறையும் மெட்டை மாற்றிக்கொண்டே இருந்தார். அது கிறுக்கா, கிண்டலா என்று வாட்டர்ஸே பின்னாளில் வியந்திருக்கிறார். ஜனவரி 26-ஆம் நாள் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகக் கச்சேரிக்குக் காரில் கிளம்பியபோது, பாரெட்டை அழைத்துக்கொள்ளலாமா என்று ஒருவர் கேட்க, வேண்டாம் என்று இன்னொருவர் சொல்ல, வண்டி அவர் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. விலகல் அறிவிப்பு ஏப்ரல் 6-ஆம் நாள்தான் வந்தது.

இனி என் கருத்து. அந்த நால்வருக்கும் அப்போது வயது இருபத்தொன்றுக்கும் இருபத்துநான்குக்கும் இடையில். மனநோயைக் கையாளத் தெரியாததற்காக அவர்களை நான் குற்றம் சொல்லமாட்டேன். ஆனால் முகத்துக்கு நேரே ஒரு சொல் சொல்லாமல் விட்டது கோழைத்தனம். தங்கள் தவிப்பையும் கோழைத்தனத்தையும் அவர்களே பிற்காலப் பேட்டிகளில் மறைக்கவில்லை. அவர்களைவிட அதிகப் பொறுப்பு, படுத்துவிட்ட இளைஞனை வாரக்கணக்கில் நாளுக்கு இரண்டு முறை மேடையேற்றிய நிகழ்ச்சி ஏற்பாட்டு முறைக்கு உண்டு. எல்.எஸ்.டி. மட்டுமே காரணம் என்று எழுதுபவர்கள் அந்தக் கால அட்டவணையைப் பார்ப்பதில்லை.

ஜென்னரும் கிங்கும் பாரெட்டே குழு என்று கருதி அவருடன் போனார்கள். கணிப்பு தவறியது. பாரெட் 1970-இல் இரண்டு தனித் தொகுப்புகளை வெளியிட்டபின் இசையிலிருந்து ஒதுங்கி, கேம்பிரிட்ஜில் ஓவியமும் தோட்டமுமாக வாழ்ந்து, 2006 ஜூலை 7-ஆம் நாள் காலமானார்.

பாடல் எழுதியவர் போனபின் குழு எப்படித் தாக்குப்பிடித்தது?
– நாகர்கோவில் வாசகர்

பாட்டை விட்டுவிட்டு நீண்ட வாசிப்பைப் பற்றிக்கொண்டு. பாரெட்டைப் போன்ற சிறு பாடல்களை எழுத மற்றவர்கள் முயன்று தோற்றார்கள். 1968-இன் தனிப்பாடல்கள் எதுவும் விலைபோகவில்லை. ஆனால் அவ்வாண்டு ஜூன் இறுதியில் வந்த ‘எ சாசர்ஃபுல் ஆஃப் சீக்ரெட்ஸ்’ தொகுப்பின் தலைப்பு இசை, பன்னிரண்டு நிமிட அளவிலானது, வேறு வழியில் பிறந்தது. வாட்டர்ஸும் மேசனும் தாளில் ஏற்ற இறக்கங்களைக் கட்டட வரைபடம் போல வரைந்து அதைக் கட்டியதாகக் கில்மோர் சொல்லியிருக்கிறார். சுர எழுத்து தெரியாதவர்கள் தாங்கள் படித்த படிப்பைக் கொண்டு இசையமைத்தார்கள். விடுதியில் பொழுதுபோக்க நீட்டிய வாசிப்புக்கு இங்கேதான் ஒரு வடிவம் கிடைத்தது. பிற்காலப் பெருந்தொகுப்புகள் அனைத்தும் இந்த வரைபடத்தின் வழித்தோன்றல்கள்.

அதே தொகுப்பின் கடைசிப் பாட்டு ‘ஜக்பேண்ட் ப்ளூஸ்’ பாரெட்டுடையது. ‘சால்வேஷன் ஆர்மி’ பித்தளை வாத்தியக் குழுவை அழைத்து, இஷ்டம்போல் வாசிக்கச் சொல்லிப் பதிவுசெய்தது. ஐவரும் வாசித்திருக்கும் ஒரே பதிவு என்று சொல்லப்படும் ‘செட் த கன்ட்ரோல்ஸ் ஃபார் த ஹார்ட் ஆஃப் த சன்’ பாடலும் இதில்தான் இருக்கிறது. உறையை வடிவமைத்தது ஸ்டார்ம் தோர்கர்சனின் ‘ஹிப்னாசிஸ்’ நிறுவனம். அவரும் கேம்பிரிட்ஜ் பள்ளித் தோழரே. ஜூன் 29-ஆம் நாள் ஹைட் பூங்காவில் இலவசக் கச்சேரி நடந்தது. அதை ஏற்பாடு செய்தவர்கள், சில மாதங்களுக்கு முன் இவர்களை விட்டுப் பிரிந்த ஜென்னரும் கிங்கும்தான்!

இப்போது கேட்கத் தொடங்குபவர் எதிலிருந்து தொடங்கலாம்?
– வேலூர் வாசகர்

‘ஆர்னால்ட் லேன்’, ‘சீ எமிலி பிளே’ இரண்டையும் முதலில் கேளுங்கள். ஆறேழு நிமிடத்தில் முடிந்துவிடும். பிறகு முதல் தொகுப்பை முழுமையாகக் கேளுங்கள். கிடைத்தால் மோனோ (ஒற்றைத் தட ஒலி) கலவையைத் தேர்ந்தெடுங்கள்: அன்று மோனோவுக்கே கவனமும் நேரமும் செலவிட்டார்கள், ஸ்டீரியோ கலவை விரைவாக முடிக்கப்பட்டது. பழைய அமெரிக்கப் பதிப்பு கையில் அகப்பட்டால் எச்சரிக்கை வேண்டும். அதில் ‘ஆஸ்ட்ரனமி டொமினி’, ‘ஃபிளேமிங்’, ‘பைக்’ ஆகிய மூன்றையும் நீக்கிவிட்டு ‘சீ எமிலி பிளே’யைச் சேர்த்திருந்தார்கள். தொகுப்பின் வாசற்கதவையும் கொல்லைக்கதவையும் கழற்றி எடுத்துவிட்ட பதிப்பு அது. பிரிட்டன் பதிப்பையே வாங்குங்கள்.